பத்தாண்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சிறிய மருத்துவ அறக்கட்டளைகளின் பணம் பற்றி வாசகர் கேள்விகள்

சிறிய மருத்துவ அறக்கட்டளைகளை நடத்துபவர்களும், அவற்றுக்கு நன்கொடை கொடுப்பவர்களும் எழுதிய கடிதங்களில் பணம் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் நீக்கியிருக்கிறேன். வரி விதிகள் என்று இங்கே சொல்லப்படுபவை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வழங்கியவை. அதற்குப் பதிலாக வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக நிறைவேற்றப்பட்டதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே எண்களைக் கூடியவரை தவிர்த்து, எல்லோருக்கும் பழகிப்போன 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் பிரிவு) என்ற பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை ஒரு சிறு நகரத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் இரண்டு இயந்திரங்களுடன் தொடங்கினோம். இப்போது ஆறு இயந்திரங்கள் இருக்கின்றன. நன்கொடை ஆண்டுக்கு ஆண்டு கூடியே வந்திருக்கிறது. ஆனாலும் கடந்த மூன்று ஆண்டுகளாகத் துண்டு விழுகிறது. எங்கே தவறு நடக்கிறது என்று புரியவில்லை.

பதில்: பணம் கையாடல் ஆகிறதோ என்ற அச்சம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. நீங்கள் அனுப்பிய கணக்குகளில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. ஒரே ஒரு முறை வரும் பணத்தைக் கொண்டு, ஆண்டுதோறும் செய்தே ஆக வேண்டிய செலவை ஏற்றுக்கொண்டதே உங்கள் சிக்கல். இந்தத் துறையில் மிக நல்ல மனிதர்கள் நடத்தும் அறக்கட்டளைகளும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

நோயாளி ஒருவருக்கு வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை டயாலிசிஸ் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு ஷிப்டு ஓடும் ஓர் இயந்திரம் நான்கு நோயாளிகளைத் தாங்கும். அதாவது ஆண்டுக்கு 624 முறை. டயாலைசர், ரத்தக் குழாய்கள், ஹெபரின், ஆர்ஓ தண்ணீர், மின்சாரம், ஜெனரேட்டருக்கு டீசல், டெக்னீஷியன் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஒரு முறைக்கு ஆகும் செலவில், நோயாளியிடமிருந்தும் காப்பீட்டிலிருந்தும் வருவது போக 400 ரூபாய் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 2,49,600 ரூபாய் நீங்கள் தேடியாக வேண்டும். ஆறு இயந்திரங்களுக்கு ஏறத்தாழ 15 லட்சம். இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தவர் பெயர்ப் பலகையைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த 2,49,600 ரூபாயை ஆண்டுதோறும் யார் தருவார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நான்கு இயந்திரங்கள் கூடுதலாக வந்தபோது நான்கு நன்கொடைகள் வந்ததாக நினைத்தீர்கள். உண்மையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்ச் செலவும் அவற்றோடு வந்து சேர்ந்தது.

இதில் காலம் செய்யும் வேலை ஒன்று உண்டு. தொடக்க ஆண்டுகளின் கணக்கு எப்போதும் அழகாகவே இருக்கும். இயந்திரம் புதிது, பழுது இல்லை. நிறுவியவர்களே சம்பளமில்லாமல் உழைப்பார்கள். ஊரில் உற்சாகம் இருக்கும். நோயாளிகள் குறைவாக இருப்பார்கள். கண்புரை அறுவைச் சிகிச்சை போல ஒரு நாளில் முடிகிற மருத்துவம் அன்று இது. சேர்ந்த நோயாளி மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, இல்லையேல் உயிர் உள்ளவரை வந்துகொண்டேயிருப்பார். ஆகவே ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு செலவு தன் உண்மையான உருவத்துக்கு வருகிறது. அதே சமயத்தில் முதல் இரண்டு இயந்திரங்களும் பழசாகத் தொடங்குகின்றன.

தேய்மானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறக்கட்டளை ஓர் இயந்திரத்தை வாங்கும்போது அதன் முழு விலையையும் அந்த ஆண்டிலேயே அறப்பணிக்குச் செலவிட்டதாக வரிக் கணக்கில் காட்டிவிடலாம். அப்படிக் காட்டிய பிறகு அதே சொத்துக்குத் தேய்மானத்தையும் கழிக்க முடியாது என்று 2014ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் செய்யப்பட்டது. அது நியாயமான விதிதான். ஆனால் அதன் பக்க விளைவாக, வரிக் கணக்கில் தேய்மானத்துக்கு இடமில்லை என்பதால் சொந்தக் கணக்கிலும் அதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிடும் பழக்கம் பல அறக்கட்டளைகளில் வந்துவிட்டது. வரி அலுவலகம் கேட்காவிட்டாலும் இயந்திரம் தேய்வது நிற்பதில்லை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அது எந்த ஆண்டில் வந்தது, எந்த ஆண்டில் மாற்ற வேண்டும், இன்றைய விலை என்ன என்று ஒரு தாளில் எழுதி, ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தனி வைப்பில் போடுங்கள். மாற்று இயந்திரத்துக்கென்று முறைப்படி தீர்மானம் போட்டு, உரிய படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்தால், ஐந்து ஆண்டுகள் வரை அந்தத் தொகையைச் சேர்த்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கடைசியாக ஒன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வர வேண்டிய தொகையை வந்துவிட்டதாகவே நினைத்துச் செலவைத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகை வரும். ஆனால் மருந்து வியாபாரியும் டெக்னீஷியனும் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். வர வேண்டியது தனி, வந்தது தனி என்று இரண்டு பத்திகளில் மாதந்தோறும் எழுதி, அறங்காவலர் கூட்டத்தில் வாசியுங்கள். புதிய இயந்திரம் தருகிறேன் என்று இனி யார் வந்தாலும், மூன்று ஆண்டு ஓட்டச் செலவில் ஒரு பங்கையும் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். மறுத்தால் இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். இதைச் சொல்வது எனக்கு எளிது, உங்களுக்குக் கடினம் என்பதை அறிவேன்.

கேள்வி: நான் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் ஒரு மருத்துவ அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில், வங்கி வைப்பில் 38 லட்சம் ரூபாய் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் நன்கொடை கேட்டுக் கடிதம் வருகிறது. இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு கையேந்துவது முறையா?

பதில்: அந்த அறிக்கையின் அடுத்த பக்கத்தையும் பார்த்திருப்பீர்கள்: ஆண்டுச் செலவு 60 லட்சம். 38 லட்சம் என்பது ஏழரை மாதச் செலவு. நாளை நன்கொடை அடியோடு நின்றுபோனால், நோயாளிகளை வேறிடத்தில் சேர்த்துவிட்டு, ஊழியர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, கௌரவமாக மூடுவதற்கே அது போதுமானதாக இருக்கும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு மாதங்களில் கையிருப்பு இல்லாத அறக்கட்டளைகள் எப்படித் திண்டாடின என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், ஆறு மாதச் செலவுக்குக் குறைவாகக் கையிருப்பு உள்ள மருத்துவ அறக்கட்டளையைக் கண்டால்தான் எனக்குக் கவலை வருகிறது.

அந்தக் கையிருப்பு சேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் நன்கொடையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும்; நிபந்தனையின்றி ஒதுக்கி வைக்கக்கூடியது 15 சதவீதம்தான். 60 லட்சம் வருமானம் உள்ள அறக்கட்டளை ஆண்டுக்கு 9 லட்சம் சேர்க்கலாம். அரை ஆண்டுச் செலவான 30 லட்சத்தைச் சேர்க்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் எந்த ஆண்டிலும் துண்டு விழாமல் இருந்தால்.

அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 38 லட்சத்தில் மூலநிதி (தொடாமல் வைத்து வட்டியை மட்டும் செலவிடும் தொகை) எவ்வளவு, குறிப்பிட்ட வேலைக்கென்று ஒருவர் கொடுத்துக் கட்டுப்பட்டிருப்பது எவ்வளவு, எதற்கும் எடுத்துக்கொள்ளக்கூடியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்துக்கென்று வந்த 30 லட்சமும் பொதுவில் உள்ள 8 லட்சமும் சேர்ந்ததுதான் அந்த 38 லட்சம் என்றால், அந்த அறக்கட்டளை ஏழு வாரங்கள்கூட ஓடாது. கணக்குத் தாளைப் பார்த்து அது பணக்கார அறக்கட்டளை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: என் பெற்றோர் நினைவாக 1996ஆம் ஆண்டில் 10 லட்சம் ரூபாயை மூலநிதியாகக் கொடுத்து, அதன் வட்டியில் வாரம் ஒரு நாள் இலவச மருத்துவ முகாம் நடத்தும்படி எழுதிக் கொடுத்தோம். இப்போது வட்டி போதவில்லை, மாதம் ஒரு முகாம்தான் நடத்த முடியும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. 1990களின் நடுவில் வங்கி வைப்புக்கு 12 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்தது. உங்கள் 10 லட்சம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஈட்டியிருக்கும். 2021ஆம் ஆண்டில் ஸ்டேட் வங்கியின் நீண்ட கால வைப்புக்குப் பொதுமக்களுக்கான வட்டி 5.4 சதவீதம், அதே 10 லட்சம் ஈட்டியது 54,000 ரூபாய். அதன் பிறகு வட்டி சற்று உயர்ந்தது என்றாலும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இந்தக் காலத்தில் மருத்துவரின் மதிப்பூதியமும் மாத்திரை விலையும் வேன் வாடகையும் எத்தனை மடங்கு ஆகியிருக்கின்றன என்பதை உங்கள் சொந்தக் குடும்பச் செலவைக் கொண்டே கணக்கிட்டுக்கொள்ளலாம். வட்டி பாதியாகி, செலவு பல மடங்கான இடத்தில் வார முகாம் மாத முகாமாகச் சுருங்கியதில் வியப்பில்லை. இன்னும் நடத்துகிறார்களே என்பதுதான் வியப்பு.

குறை எழுதிக் கொடுத்த விதத்தில் இருக்கிறது. வட்டி முழுவதையும் முகாமுக்கே செலவிட வேண்டும் என்று எழுதியதால், மூலநிதி அதே 10 லட்சமாகவே நின்றுவிட்டது. வட்டியில் 15 சதவீதத்தை ஆண்டுதோறும் மூலநிதியில் சேர்க்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்திருந்தால், முதல் ஆண்டிலேயே 18,000 ரூபாய் சேர்ந்திருக்கும். முப்பது ஆண்டுகளில் நிலைமை இவ்வளவு மோசமாகியிருக்காது. இப்போதும் கொடுத்தவர்கள் நீங்கள் இருப்பதால், முகாமின் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் ‘இலவச மருத்துவ உதவிக்கு’ என்று நிபந்தனையைத் தளர்த்திப் புதிய கடிதம் கொடுப்பது பற்றி அவர்களோடு பேசுங்கள். கொடுத்தவர் காலமான பிறகு இதைச் செய்வதற்கு அறங்காவலர்கள் நீதிமன்றத்துக்குப் போக நேரிடலாம். வங்கி வைப்பைத் தவிர, மியூச்சுவல் ஃபண்டு யூனிட்டுகளும் அரசுப் பத்திரங்களும் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகள்தாம். ஆனால் மூலநிதியை ஏற்ற இறக்கத்துக்கு உட்படுத்துவதில் அறங்காவலர்கள் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாங்கள் நடத்துவது மனநல மறுவாழ்வு இல்லம். இலவச மருத்துவம் என்று தொடங்கிய நாங்கள் இப்போது வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். வாங்கினால் அறக்கட்டளை என்ற தகுதி போய்விடுமா? ஊர் என்ன சொல்லும்?

பதில்: சட்டத்தைப் பொறுத்தவரை, மருத்துவ உதவி தனித்த அறநோக்கமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பொதுப்பயன் என்ற பரந்த தலைப்பின் கீழ் வரும் அமைப்புகளுக்கு, வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. அந்த வரம்பு மருத்துவ உதவிக்குப் பொருந்தாது. கட்டணம் வாங்கலாம், ஆனால் மிச்சம் எவருடைய வீட்டுக்கும் போகக் கூடாது, இலவசமாகப் பார்க்கப்படுபவர்கள் பெயரளவுக்கு மட்டும் இருக்கக் கூடாது. மருந்துக் கடை வைத்தால் அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் என்ன சொல்லும் என்பதற்கு மதுரையையே பார்க்கலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, பணம் கொடுப்பவரின் கட்டணத்தில் கொடுக்க இயலாதவருக்கும் பார்ப்பது என்ற ஏற்பாடு அதன் அடிப்படையாக இருந்தது. செலவைக் குறைப்பதிலும் அவர்கள் அதே பிடிவாதத்தைக் காட்டினார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாது என்று கண்டு, 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தையே ஏற்படுத்தினார்கள். கட்டணம் வாங்கியதற்காக அவர்களை யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் அந்த வழி எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்புரைக்கு வரும் கூட்டத்தில் ஏழையும் இருப்பார், பணக்காரரும் இருப்பார். ஒரு நாளில் சிகிச்சை முடியும். எண்ணிக்கை கூடக் கூட ஒருவருக்கான செலவு குறையும். உங்களுடையது மனநல மறுவாழ்வு இல்லம். வசதி உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் குடும்பம் கைவிட்டவர்கள். கட்டணத்தால் உங்கள் செலவில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே நல்லது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கட்டண விவரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதை ஒருவர் மட்டும் முடிவு செய்யாமல் இருவர் கையெழுத்திடட்டும்.

கேள்வி: கிராமங்களில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே சென்று பார்க்கும் வலி நிவாரணப் பணி எங்களுடையது. ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்பு நிதியில் நான்கு ஆண்டுகள் செவிலியரும் வண்டியும் இருந்தன. இப்போது திட்டக் காலம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது?

பதில்: நிறுவனச் சட்டத்தின் கீழ் 2014 ஏப்ரலிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் தொடர் திட்டம் என்பதற்கே, தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் என்ற எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நான்காம் ஆண்டில் உங்கள் திட்டம் முடிந்ததில் அந்த நிறுவனத்தின் மீது மனவருத்தம் கொள்ள ஒன்றுமில்லை. முடியும் தேதி முதல் நாளே தெரிந்திருந்தது. அந்தப் பணம் கம்பெனி லாபத்தோடு ஏறும், இறங்கும். நெருக்கடி வந்தால் திசையும் மாறும். 2020 மார்ச்சில் பிரதமர் கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பதும் சிஎஸ்ஆர் செலவாகவே கருதப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, பல நிறுவனங்களின் தொகை அங்கே சென்றது.

நான் சொல்லக்கூடிய முன்னுதாரணம் கேரளத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டில் வலி நிவாரணச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்தப் பணி நூற்றாண்டின் திருப்பத்தில் மலப்புரம் மாவட்டத்தின் ஊர்களுக்குப் பரவியபோது, ஒவ்வோர் ஊரும் தன் செவிலியருக்கும் தன் வண்டிக்கும் தானே பணம் திரட்டும் முறை உருவாயிற்று. கடைகளில் உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் வசூல், மாதம் பத்து இருபது ரூபாய் தரும் கூலித் தொழிலாளர்கள் என்று சிறு சிறு தொகைகளால் செலவின் பெரும்பகுதி ஈடுகட்டப்பட்டது. மாநில அரசு இதற்கென்று கொள்கை அறிவித்தது 2008ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே ஊர்கள் நடத்திக்கொண்டிருந்தன. ஆயிரம் பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 6 லட்சம். அந்த ஆயிரம் பேரில் ஆண்டுக்கு நூறு பேர் விலகினாலும் செவிலியரின் சம்பளம் நிற்காது. ஒரே நிறுவனம் விலகியபோது எல்லாம் நின்றதை நீங்களே கண்டுவிட்டீர்கள். வசூலிக்க ஆள் வேண்டும், ரசீது எழுத வேண்டும், அது அலுப்பான வேலை என்பதில் ஐயமில்லை. அந்த அலுப்பை ஏற்றுக்கொள்ள உங்கள் ஊர்களில் முப்பது தொண்டர்கள் கிடைப்பார்களா என்பதை முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால், இருக்கும் நோயாளிகளை அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர்களிடம் பெயர்ப் பட்டியலோடு ஒப்படைத்துவிட்டு, பணியின் அளவைக் குறைத்துக்கொள்வதே நேர்மையானது.

கேள்வி: 80ஜி ரசீது தருகிறோம் என்று சொன்னாலும் முன்போல நன்கொடையாளர்கள் ஆர்வம் காட்டுவதில்லையே, ஏன்?

பதில்: 2023–24ஆம் நிதியாண்டிலிருந்து தனிநபர்களுக்குப் புதிய வரிமுறையே இயல்பு முறை, அதில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. வரிச் சலுகைக்காகவே மார்ச் மாதத்தில் கொடுத்து வந்தவர்கள் இனிக் குறைவார்கள் என்று வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டின் வரவைக் கணியுங்கள். இருந்தாலும் நன்கொடை விவரப் பட்டியலை மே 31க்குள் துறைக்குத் தாக்கல் செய்வதை விட்டுவிடாதீர்கள். பழைய முறையில் இருப்பவருக்கு அதை வைத்துத்தான் கழிவு கிடைக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் இருவர் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அவர்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவரிடம் ஒரு ரூபாய் வாங்கவும் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டுப் பணியும், அந்த மூன்று ஆண்டுகளில் நோக்கத்துக்காகச் செய்த 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறோர் அறக்கட்டளைக்கு மாற்றித் தரவும் முடியாது. இரண்டு பேரின் நன்கொடைக்காக இத்தனை வேலையை ஏற்பது உங்கள் அளவுள்ள அறக்கட்டளைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: நிறுவனரான என் கணவர் மாதக் கடைசியில் சம்பளத்துக்குப் பணம் குறைந்தால் தன் ஓய்வூதியத்திலிருந்து போட்டுவிடுவார், நன்கொடை வந்ததும் எடுத்துக்கொள்வார். பன்னிரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. தவறா?

பதில்: அவருடைய நல்லெண்ணத்தில் குறையில்லை, செய்யும் முறையில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ரொக்கமாகப் போட்டு ரொக்கமாக எடுப்பது சட்டத்துக்கு ஒவ்வாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகப் பெறுவதும் திருப்புவதும் வங்கி வழியாகவே நடக்க வேண்டும். அறங்காவலர் ஒருவர் அறக்கட்டளைப் பணத்தை ரொக்கமாக எடுத்திருக்கிறார் என்று ஒரு வரி மட்டும் பதிவில் இருந்து, அவர் போட்ட வரி விட்டுப்போயிருந்தால், பதிவே பறிபோகும் அளவுக்கு அது வளரலாம். வட்டியில்லாக் கடன் என்று தீர்மானம் எழுதி, காசோலையில் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரியது. பன்னிரண்டு ஆண்டுகளாக எந்த மாதமும் பணம் குறைந்ததாகக் கணக்கில் தெரியாததால், உங்கள் சக அறங்காவலர்களுக்கு அறக்கட்டளை தன் காலில் நிற்பதாகவே எண்ணம். உங்கள் கணவருடைய ஓய்வூதியத்தில் அது நிற்கிறது என்பது உங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அடுத்த கூட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளின் மாதவாரிக் குறைவை எழுதி வையுங்கள். அவர் இல்லாத காலத்தில் அந்தக் குறைவை யார் ஈடுகட்டுவார் என்பதை, அவர் இருக்கும்போதே அவர்கள் முடிவு செய்யட்டும்.

கேள்வி: பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் உண்டியல் வைத்திருக்கிறோம். கொடுத்தவர் பெயர் தெரியாத பணத்துக்கு வரி உண்டு என்கிறார்களே?

பதில்: ஓர் அளவுக்கு மேல் உண்டு. ஆண்டின் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது கூடுதலோ அதுவரை வரி இல்லை. அதைத் தாண்டிய பகுதிக்கு 30 சதவீதம். உங்கள் உண்டியல் வரவு எழுபதாயிரம்தான் என்பதால் இப்போதைக்குக் கவலையில்லை. உண்டியலைத் திறக்கும்போது மூன்று பேர் இருந்து, எண்ணிய தொகையைத் தேதியிட்டு எழுதிக் கையெழுத்திட்டு, செலவுக்கென்று ஒரு நோட்டைக்கூட எடுக்காமல் அன்றே வங்கியில் கட்டிவிடுங்கள்.